அறிதல் வினைகளுடன் இணைப்புச்சொல், வினையடைச் சேர்க்கை: ஆங்கில இலக்கண முக்கியக் குறிப்புகள்

அடிப்படை வரையறைகள்

• அறிதல் வினை: அறிவு, புரிதல், நினைவு, நம்பிக்கை, ஐயம் ஆகிய மனநிலைகளைக் குறிக்கும் வினை. ஆங்கிலத்தில் காக்னிட்டிவ் வெர்ப்.

• தலைமை வினை: நோ. மூன்று வடிவங்கள்: நோ, நியூ, நோன்.

• பிற உறுப்புகள்: அண்டர்ஸ்டாண்ட், ரியலைஸ், ரிமெம்பர், ஃபர்கெட், டிஸ்கவர், திங்க், பிலீவ், சப்போஸ், டவுட், வொண்டர். வினையாக இல்லாவிடினும் இதே இலக்கணம் உடைய பெயரடை: அவேர்.

• இணைப்புச்சொல், அதாவது கன்ஜங்ஷன்: இரு வகை. கோ-ஆர்டினேட்டிங், சப்-ஆர்டினேட்டிங். அறிதல் வினையுடன் நேரடி உறவு இரண்டாம் வகைக்கே.

• அறிதல் வினைக்குப் பின் வரும் சார்புத்தொடர்: பெயர்த்தொடர், அதாவது நவுன் கிளாஸ். பணி: செயப்படுபொருள்.

• வினையடை, அதாவது அட்வெர்ப்: அறிதலின் தெளிவு, உறுதி, அளவு, காலம் ஆகியவற்றைக் காட்டும் சொல்.

• மைய விதி: தீர்ந்த செய்திக்குத் தட். தீராத கேள்விக்கு வெதர் அல்லது இஃப். செய்முறைக்கு ஹவ் டு. மற்றவை பெரும்பாலும் இம்மூன்றின் கிளைகள்.

ஆண்டுகள், ஆசிரியர்கள், நூல்கள்

• 1912: பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், 'தி ப்ராப்ளம்ஸ் ஆஃப் ஃபிலாசஃபி'. நேரடி அறிமுக அறிவு, விவரிப்புவழி அறிவு என்னும் பாகுபாடு.

• 1942: ஏ. எஸ். ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்ட் தொகுத்த 'இடியமாட்டிக் அண்ட் சின்டாக்டிக் இங்கிலீஷ் டிக்‌ஷனரி'. வெளியீடு: டோக்கியோ, கைதாகுஷா. 25 வினை அமைப்புகள்.

• 1948: அதே அகராதி ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியின் மூலம் இதுவே. எந்த வினைக்குப் பின் எந்த இணைப்பு என்பதைக் கற்போர் அகராதிகளில் பரவலாக்கியவர்களுள் ஹார்ன்பி முக்கியமானவர்.

• 1949: கில்பர்ட் ரைல், 'தி கான்செப்ட் ஆஃப் மைண்ட்'. நோயிங் ஹவ், நோயிங் தட் வேறுபாடு.

• 1957: ஜீனோ வெண்ட்லர், 'வெர்ப்ஸ் அண்ட் டைம்ஸ்' கட்டுரை. வினைகள் நான்கு: நிலை, செயல்பாடு, நிறைவேற்றம், எய்துதல். நோ நிலை வினை. ரெகக்னைஸ் எய்துதல் வினை.

• 1970: பால் கிபார்ஸ்கி, கேரல் கிபார்ஸ்கி, 'ஃபேக்ட்' கட்டுரை. மெய்ம்மை வினை, அதாவது ஃபேக்டிவ் வெர்ப் என்னும் கருத்தை இலக்கண ஆய்வில் நிலைநிறுத்தியது.

• 1977: லவுரி கார்ட்டுனன், வினாத்தொடர்களை ஏற்கும் வினைகளின் பொருளிலக்கணம்.

• 1985: குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக், 'எ காம்ப்ரிஹென்சிவ் கிராமர் ஆஃப் தி இங்கிலீஷ் லாங்குவேஜ்'.

• 1999: டக்ளஸ் பைபர் முதலான ஐவர், 'லாங்மன் கிராமர்'. தரவு சுமார் 4 கோடி சொற்கள். அதில் மிக அதிகமாக வரும் 12 முதன்மை வினைகளுள் நோ, திங்க் இரண்டும் அடக்கம். தட்-தொடரை அதிகம் ஆளும் முதல் மூன்று: திங்க், ஸே, நோ.

• 2002: ஹடில்ஸ்டன், புல்லம், 'கேம்பிரிட்ஜ் கிராமர்'. உள்ளடக்கத் தொடரை, அதாவது கன்டென்ட் கிளாஸை, அறிமுகப்படுத்தும் இஃப் வேறு, நிபந்தனை இஃப் வேறு என்ற தெளிவான பிரிப்பு.

சொல் வரலாறு

• நோ: பழைய ஆங்கில 'க்னாவன்'. கே ஒலி 17ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி மறைவு. எழுத்து மட்டும் எச்சம்.

• ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள்: ஆங்கில நோ, கேன், ஸ்காட்லாந்து கென், வடமொழி ஜ்ஞா. தமிழில் வழங்கும் ஞானம் அவ்வடமொழி வழி வந்தது.

• பழைய ஆங்கிலத்தில் அறிதலுக்கு இன்னொரு வினை: விட்டன். இன்று எச்சம் 'டு விட்', 'அன்விட்டிங்லி' போன்றவற்றில் மட்டும்.

• ஜெர்மனில் இரு வினை: கென்னன், விஸ்ஸன். பிரெஞ்சில் கொனெத்ர், சவ்வார். ஆளை அறிதல் ஒன்று, செய்தியை அறிதல் மற்றொன்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நோ ஒன்றே. வேறுபாட்டைச் சுமப்பவை பின்வரும் இணைப்புகள்.

• தட்: சுட்டுப்பெயரிலிருந்து பிறந்த இணைப்புச்சொல். வெதர்: 'இரண்டில் எது' என்னும் பொருளிலிருந்து.

தட்

• அமைப்பு: நோ + தட் + எழுவாய் + வினை. 'ஐ நோ தட் ஹி இஸ் ஹானஸ்ட்.'

• பேச்சில் தட் நீக்கம் இயல்பு. 'ஐ நோ ஹி இஸ் ஹானஸ்ட்.' பொருள் மாற்றம் இல்லை.

• தட் நிலைக்கும் இடங்கள்:
– வினைக்கும் தொடருக்கும் நடுவில் வினையடை: 'ஹி நியூ ஒன்லி டூ வெல் தட் இட் வாஸ் ஓவர்.'
– செயப்பாட்டு வினை: 'இட் இஸ் நோன் தட்...'
– 'அண்ட்' சேர்த்து வரும் இரண்டாம் தொடர்: '...அண்ட் தட் ஷி வாஸ் ரைட்.'
– பெயர்ச்சொல்லுக்குப் பின்: 'தி நாலெட்ஜ் தட்', 'தி ஃபேக்ட் தட்'.

• காலப் பொருத்தம்: நியூ வந்தால் சார்புத்தொடரும் இறந்தகாலம். விலக்கு: நிலையான உண்மை. 'ஹி நியூ தட் தி எர்த் மூவ்ஸ் ரவுண்ட் தி சன்.'

• இரட்டை இணைப்புப் பிழை: 'ஆஸ் யூ நோ தட்...' தவறு. ஆஸ் இருந்தால் தட் இல்லை; தட் இருந்தால் ஆஸ் இல்லை. சரி: 'ஆஸ் யூ நோ, தி பேங்க் இஸ் க்ளோஸ்டு.' அல்லது 'யூ நோ தட் தி பேங்க் இஸ் க்ளோஸ்டு.'

• 'ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ': என் அறிவுக்கு எட்டியவரை. இதற்குப் பின்னும் தட் கிடையாது.

• 'நாட் தட் ஐ நோ ஆஃப்': எனக்குத் தெரிந்து இல்லை. முழு விடையாகத் தனித்து நிற்கும் தொடர்.

மெய்ம்மைச் சோதனை

• மெய்ம்மை வினை: பின்வரும் தொடர் உண்மை என்பதை முன்கூட்டியே ஏற்கும் வினை.

• சோதனை: வினையை எதிர்மறை ஆக்குதல். 'ஷி டஸ் நாட் நோ தட் ஹி லெஃப்ட்.' அவன் போனது அப்போதும் உண்மை. 'ஷி டஸ் நாட் பிலீவ் தட் ஹி லெஃப்ட்.' போனானா இல்லையா, உறுதி இல்லை.

• மெய்ம்மை வினைகள்: நோ, ரியலைஸ், ரிமெம்பர், ஃபர்கெட், டிஸ்கவர், நோட்டிஸ், ரிக்ரெட், பி அவேர்.

• மெய்ம்மை அல்லாதவை: திங்க், பிலீவ், சப்போஸ், க்ளெய்ம், ஸே.

• விலக்கு, நுட்பமானது: 'ஐ டோண்ட் நோ தட் ஐ அக்ரீ.' பொருள்: உடன்படுவதாகச் சொல்ல இயலாது. தன்மை எழுவாயில் மட்டும் கிடைக்கும் மென்மறுப்பு. இங்கு முன்னேற்பு இல்லை.

• எதிர்மறை மேலேற்றம், அதாவது நெகட்டிவ் ரெய்சிங்: 'ஐ டோண்ட் திங்க் ஹி வில் கம்' = 'ஐ திங்க் ஹி வில் நாட் கம்'. நோ-வுக்கு இச்சமம் இல்லை. தொடக்க ஆய்வு: சார்லஸ் ஃபில்மோர், 1963.

• இக்காரணத்தாலேயே வினாவொட்டு, அதாவது கொஸ்டின் டேக் மாறுபாடு: 'ஐ டோண்ட் திங்க் ஹி இஸ் கமிங், இஸ் ஹி?' இங்கு ஒட்டு சார்புத்தொடரைத் தழுவியது. 'யூ நோ தட் ஹி இஸ் கமிங், டோண்ட் யூ?' இங்கு முதன்மைத்தொடரை.

வெதர், இஃப்

• பணி: ஆம்–இல்லை வினாவைச் சார்புத்தொடர் ஆக்குதல்.

• மூன்று வினைப்பிரிவுகள்:
– தட் மட்டும் ஏற்பவை: பிலீவ், சப்போஸ்.
– வினாத்தொடர் மட்டும் ஏற்பவை: வொண்டர், ஆஸ்க், என்கொயர்.
– இரண்டும் ஏற்பவை: நோ, ரிமெம்பர், டிஸ்கவர், ஃபைண்ட் அவுட்.

• 'ஐ பிலீவ் வெதர்' தவறு. 'ஐ வொண்டர் தட் ஹி வில் கம்' ஐயப்பொருளில் தவறு. வியப்புப் பொருளில் மட்டும் வொண்டர் தட் வழக்கு.

• நோ + வெதர்: எதிர்மறையிலும் வினாவிலும் இயல்பு. 'ஐ டோண்ட் நோ வெதர் ஹி கேம்.' தன்மை, நிகழ்கால உடன்பாட்டில் அரிது. விடை தெரிந்தவர் நேராகத் தட் சொல்வார். படர்க்கையில் சரி: 'ஷி நோஸ் வெதர் ஹி கேம்.'

• வெதர் மட்டுமே வரும் இடங்கள் ஐந்து, இஃப் தவறு:
1. வாக்கியத் தொடக்க எழுவாய்: 'வெதர் ஹி நோஸ் இஸ் நாட் க்ளியர்.'
2. முன்னிடைச்சொல்லுக்குப் பின்: 'இட் டிபெண்ட்ஸ் ஆன் வெதர் ஹி நோஸ்.'
3. டு-வுக்கு முன்: 'ஐ டோண்ட் நோ வெதர் டு கோ.'
4. 'ஆர் நாட்' உடனடியாக ஒட்டும்போது: 'வெதர் ஆர் நாட் ஹி கேம்.' இறுதியில் வந்தால் இஃப் சரி: 'இஃப் ஹி கேம் ஆர் நாட்.'
5. பெயர்ச்சொல்லின் விளக்கத் தொடர்: 'தி கொஸ்டின் வெதர்...'

• வழிகாட்டி நூல்கள் பல இஃப், வெதர் இரண்டும் ஒன்றே எனத் தள்ளிச் செல்லும் இடம் இது. ஐந்து இடங்களும் தேர்வில் பிழை கண்டறிதலுக்கு நேர்ப் பொருத்தம். முழுதாக மனனத்துக்கு உரியது.

• இஃப்-இன் இருபொருள்: 'லெட் மீ நோ இஃப் யூ ஆர் கமிங்.'
– பொருள் ஒன்று: வருவதையோ வராததையோ தெரிவிக்க.
– பொருள் இரண்டு: வருவதானால் மட்டும் தெரிவிக்க, வராவிட்டால் தெரிவிக்கத் தேவையில்லை.
– 'லெட் மீ நோ வெதர் யூ ஆர் கமிங்': பொருள் ஒன்று மட்டும். அலுவலகக் கடிதத்துக்கு வெதர் பாதுகாப்பு.

• இஃப்-இன் வகை மாறும் குழப்பம்: 'இஃப் ஐ நியூ' நிபந்தனை, 'ஐ வொண்டர்டு இஃப் ஹி நியூ' வினா. நிபந்தனைத்தொடரில் பொதுவாக வில் இல்லை. வினாத்தொடரில் வில் வரலாம். சரி: 'ஐ டோண்ட் நோ இஃப் ஹி வில் கம்.' இந்த வில் பிழை எனக் குறிப்போர் இழப்பது ஒரு மதிப்பெண்.

டவுட்

• உடன்பாடு: டவுட் + வெதர் அல்லது இஃப். எதிர்மறை, வினா: டவுட் + தட். 'ஐ டோண்ட் டவுட் தட் ஹி வில் வின்.' பள்ளி இலக்கண விதி இதுவே. தேர்வுக்கு இதுவே விடை.

• தற்கால வழக்கு: உடன்பாட்டிலும் 'ஐ டவுட் தட்' ஏற்கப்பட்டது. பொருள்: நடக்காது என்ற சாய்வு. வெதர் வந்தால் ஐயம் நடுநிலைக்கு அருகில். விடைத்தேர்வுகளில் வெதர் இருந்தால் வெதர். இல்லாதபோது தட்-ஐப் பிழை எனக் குறிப்பது தவறு.

• டவுட், சஸ்பெக்ட் எதிர்ப்பொருள்: 'ஐ டவுட் தட் ஹி ஸ்டோல் இட்' = அவன் திருடியிருக்க மாட்டான். 'ஐ சஸ்பெக்ட் தட் ஹி ஸ்டோல் இட்' = அவன்தான் திருடியிருப்பான். தமிழில் இரண்டுக்கும் சந்தேகம் ஒன்றே. பிழையின் வேர் அங்கே.

• வினையடை: 'சீரியஸ்லி டவுட்', 'வெரி மச் டவுட்'. 'ஸ்ட்ராங்லி டவுட்' ஒப்பீட்டில் குறைவு.

வினாச்சொல் தொடர்

• அமைப்பு: நோ + வினாச்சொல் + எழுவாய் + வினை. தலைகீழ் வரிசை இல்லை, டூ துணைவினை இல்லை.

• தவறு: 'ஐ டோண்ட் நோ வேர் இஸ் ஹி.' சரி: 'ஐ டோண்ட் நோ வேர் ஹி இஸ்.'

• தவறு: 'டூ யூ நோ வாட் டஸ் ஹி வாண்ட்?' சரி: 'டூ யூ நோ வாட் ஹி வாண்ட்ஸ்?'

• நிறுத்தக்குறி: 'ஐ வொண்டர் வேர் ஹி இஸ்' முற்றுப்புள்ளி. 'டூ யூ நோ வேர் ஹி இஸ்' வினாக்குறி.

• நோ, திங்க் இட வேறுபாடு:
– 'டூ யூ நோ வேர் ஹி லிவ்ஸ்?' வினாச்சொல் நடுவில். எதிர்பார்க்கும் விடை: ஆம் அல்லது இல்லை.
– 'வேர் டூ யூ திங்க் ஹி லிவ்ஸ்?' வினாச்சொல் முதலில். எதிர்பார்க்கும் விடை: ஊர்ப்பெயர்.
– 'டூ யூ திங்க் வேர் ஹி லிவ்ஸ்?' தவறு. 'வேர் டூ யூ நோ ஹி லிவ்ஸ்?' இயல்பு வழக்கில் இல்லை.

ஹவ் டு

• திறமைப் பொருள்: நோ + ஹவ் + டு. 'ஷி நோஸ் ஹவ் டு ஸ்விம்.' ஹவ் இன்றி 'நோஸ் டு ஸ்விம்' தவறு.

• அண்டர்ஸ்டாண்ட், டிஸ்கவர், ரிமெம்பர்: செய்முறைப் பொருளில் இவற்றுக்கும் ஹவ் டு.

• லேர்ன்: விலக்கு. 'லேர்ன் டு ஸ்விம்', 'லேர்ன் ஹவ் டு ஸ்விம்' இரண்டும் சரி.

• 'ரிமெம்பர் டு லாக்' = பூட்ட மறவாமை. 'ரிமெம்பர் ஹவ் டு லாக்' = பூட்டும் முறை நினைவில் இருத்தல். 'ரிமெம்பர் லாக்கிங்' = பூட்டியது நினைவில் இருத்தல்.

• நோ + செயப்படுபொருள் + டு: திறமை அன்று, மதிப்பீடு. 'ஐ நோ ஹிம் டு பி ஹானஸ்ட்.' செயப்பாட்டில் மிகுதி: 'ஹி இஸ் நோன் டு பி ஹானஸ்ட்.'

• 'நோ பெட்டர் தேன் டு': அப்படிச் செய்யாத அளவு விவேகம். 'ஹி நோஸ் பெட்டர் தேன் டு ஆர்கியூ.'

• நோன் + முன்னிடைச்சொல்: டு – யாருக்கு, ஃபார் – எதற்காக, ஆஸ் – எப்பெயரில், பை – எதைக்கொண்டு அடையாளம்.

வினையடைச் சேர்க்கை

• நோ: வெல், ஃபுல் வெல், பெர்ஃபெக்ட்லி வெல், ஒன்லி டூ வெல், எக்ஸாக்ட்லி, ஃபார் சர்டன், ஃபார் ஷ்யூர், ஃபார் எ ஃபேக்ட்.

• அண்டர்ஸ்டாண்ட், ரியலைஸ்: ஃபுல்லி. பிலீவ்: ஃபர்ம்லி. ரிமெம்பர்: விவிட்லி, டிஸ்டிங்க்ட்லி, வேக்லி. ஃபர்கெட்: கம்ப்ளீட்லி. அவேர்: வெல், ஃபுல்லி, அக்யூட்லி.

• 'ஃபுல்லி நோ' ஏன் அரிது: செய்தியை அறிதலில் பாதி, முக்கால் இல்லை, தெரியும் அல்லது தெரியாது. எனவே நோ தட்-உடன் வருபவை உறுதி, தெளிவு காட்டும் அடைகள். அளவு காட்டும் அடைகள் அரிது. ஆளை அறிதலில் அளவு உண்டு: 'நோ ஹிம் ஸ்லைட்லி', 'நோ ஹிம் பெட்டர்'. ஃபுல்லி, வெல் இரண்டின் பட்டியலைத் தனித்தனியே மனனம் செய்வதினும் இக்காரணம் ஒன்று பயன் மிக்கது.

• வெரி தனித்து நோ-வை அடைகொள்ளாது. 'ஐ வெரி நோ' தவறு. 'ஐ நோ வெரி வெல்' சரி.

• இடம்: செயப்படுபொருளுக்குப் பின். சரி: 'ஐ நோ தமிழ் வெல்.' தவறு: 'ஐ நோ வெல் தமிழ்.' தட்-தொடர் வந்தால் தொடருக்கு முன்: 'ஐ நோ வெல் தட்...'

• ஆல்ரெடி, ஆல்வேஸ், நெவர், ஹார்ட்லி: முதன்மை வினைக்கு முன், துணைவினைக்குப் பின். 'ஐ ஹேவ் ஆல்வேஸ் நோன்.'

• ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லி: எதிர்மறை அடைகள். 'ஐ டோண்ட் ஹார்ட்லி நோ' தவறு. 'ஹி ஹார்ட்லி நோஸ் எனிஒன்' சரி. 'ஹி ஹார்ட்லி நோஸ் நோ ஒன்' தவறு.

• ரியலி-யின் இடமும் பொருளும்:
– 'ஐ ரியலி டோண்ட் நோ': சத்தியமாகத் தெரியாது. எதிர்மறை முழுமை.
– 'ஐ டோண்ட் ரியலி நோ': அவ்வளவாகத் தெரியாது. எதிர்மறை தளர்வு.
– காரணம்: முதலில் ரியலி எதிர்மறைக்கு வெளியே; இரண்டாவதில் எதிர்மறையின் ஆட்சிக்குள். இலக்கணப் பெயர்: ஸ்கோப்.

• ஸோ பதிலி: 'ஐ திங்க் ஸோ', 'ஐ பிலீவ் ஸோ', 'ஐ சப்போஸ் ஸோ' சரி. 'ஐ நோ ஸோ' பொது வழக்கில் தவறு. 'ஐ நோ' போதும். விலக்கு: 'ஐ டோண்ட் திங்க் ஸோ, ஐ நோ ஸோ' என்னும் எதிர்நிறுத்தம். 'ஐ டவுட் ஸோ' தவறு. 'ஐ டவுட் இட்' சரி.

நாட்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

• மரபிலக்கணத்தில் நாட் வினையடை.

• 1611 ஜேம்ஸ் மன்னர் பைபிளின் வழக்கு: 'ஐ நோ நாட்'. இன்று: 'ஐ டூ நாட் நோ'.

• 1953: ஆல்வர் எல்லேகார்ட், டூ துணைவினையின் பரவல் பற்றிய ஆய்வு. எதிர்மறையில் டூ ஏற்பதில் பின்தங்கிய வினைக்கூட்டம் நோ-குரூப். உறுப்புகளுள் நோ, டவுட், கேர், ஃபியர். அதிகம் புழங்கும் வினை பழைய வடிவை நெடுங்காலம் காக்கும் என்பதற்குத் தெளிவான சான்று.

தலைகீழ் வரிசை

• எதிர்மறை அடை முதலில் வந்தால் துணைவினை எழுவாய்க்கு முன்.

• 'லிட்டில் டிட் ஹி நோ தட்...': சற்றும் அறியான். இவ்வகை லிட்டில் அறிதல் வினைகளுக்கே சிறப்பு: நோ, ரியலைஸ், திங்க், சஸ்பெக்ட், இமேஜின்.

• 'ஒன்லி தென் டிட் ஐ ரியலைஸ்', 'நாட் அன்டில் 1947 டிட்...', 'நெவர் ஹேவ் ஐ நோன்'.

• 'ஹார்ட்லி ஹேட் ஹி லேர்ன்ட்... வென்'. 'நோ ஸூனர் ஹேட் ஹி லேர்ன்ட்... தேன்'. இணை மாறினால் பிழை.

• இஃப் நீக்கம்: 'இஃப் ஐ ஹேட் நோன்' = 'ஹேட் ஐ நோன்'. முதன்மைத்தொடர்: 'வுட் ஹேவ்' + மூன்றாம் வடிவம்.

சின்ஸ், ஃபார்

• நிலை வினை தொடர்ந்தால் நிகழ்கால முற்று: 'ஐ ஹேவ் நோன் ஹிம் சின்ஸ் 2010.' தவறு: 'ஐ நோ ஹிம் சின்ஸ் 2010.' 'ஐ ஹேவ் பீன் நோயிங்' மேலும் தவறு.

• சின்ஸ்: தொடக்கப் புள்ளி. ஃபார்: கால நீளம்.

• சின்ஸ் இணைப்புச்சொல்லாக: 'ஐ ஹேவ் நோன் ஹிம் சின்ஸ் ஹி வாஸ் எ பாய்.' சின்ஸ்-தொடர் இறந்தகாலம்.

யூ நோ

• வாக்கிய உறுப்பாகாமல் உரையாடலை நடத்தும் சொல்: டிஸ்கோர்ஸ் மார்க்கர்.

• 1987: டெபோரா ஷிஃப்ரின், 'டிஸ்கோர்ஸ் மார்க்கர்ஸ்'. ஆராய்ந்த 11: ஓ, வெல், அண்ட், பட், ஆர், ஸோ, பிகாஸ், நவ், தென், ஐ மீன், யூ நோ. இணைப்புச்சொல், வினையடை, அறிதல் வினை ஆகிய மூன்றும் ஒரே பட்டியலில்.

• எழுத்து மொழியில், கடிதத் தேர்வில் விலக்கு.

தமிழ்வழிப் பிழைகளும் காரணமும்

• 'ஐ டோண்ட் நோ தட் வெதர் ஹி கேம்.' மூலம்: 'வந்தானா என்று தெரியாது'. வந்தானா என்பதன் ஆ-வுக்கு வெதர், என்று-வுக்குத் தட். தமிழுக்கு இரண்டும் தேவை. ஆங்கிலத்துக்கு ஒன்றே இடம். சரி: வெதர் மட்டும்.

• 'ஐ டோண்ட் நோ தட் வேர் ஹி இஸ்.' அதே காரணம், அதே திருத்தம்: தட் நீக்கம்.

• 'ஐ நோ டு ட்ரைவ்.' மூலம்: 'ஓட்டத் தெரியும்'. தமிழில் செய-வென் எச்சமே போதும். ஆங்கிலத்தில் ஹவ் கட்டாயம்.

• 'ஐ நோ ஹிம் ஃபார் டென் இயர்ஸ்.' மூலம்: 'பத்து வருஷமாத் தெரியும்'. தெரியும் என்பதைக் கண்டு நோ. சரி: ஹேவ் நோன்.

• 'டு மீ இட் நோஸ்' போன்ற தொடக்கநிலைப் பிழை: 'எனக்குத் தெரியும்' என்பதில் அறிபவர் நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்தில் அறிபவர் எழுவாய்.

• 'ஐ ஆம் நோயிங்': தமிழ் காரணம் அன்று; இந்திய ஆங்கிலப் பொதுப்போக்கு. 'தெரிந்துகொண்டிருக்கிறேன்' தமிழிலும் இப்பொருளில் இயல்பன்று.

• 'ஐ ஹேவ் எ டவுட், சார்': வகுப்பறைப் பொருளில் கேள்வி. தேர்வு விடை: 'ஐ ஹேவ் எ கொஸ்டின்'.

பிழை கண்டறிதல்: மாதிரி இணைகள்

• 'ஹி ஆஸ்க்டு மீ தட் வெதர் ஐ நியூ ஹர்.' பிழை: தட்.

• 'தி இஷ்யூ ஆஃப் இஃப் தே நியூ ரிமெய்ன்ஸ்.' பிழை: இஃப். திருத்தம்: வெதர்.

• 'லிட்டில் ஹி நியூ தட் தி ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்.' திருத்தம்: டிட் ஹி நோ.

• 'ஐ டோண்ட் நோ இஃப் டு அப்ளை.' திருத்தம்: வெதர்.

• 'ஹி நோஸ் வெல் இங்கிலீஷ்.' திருத்தம்: இங்கிலீஷ் வெல்.

• 'டூ யூ திங்க் ஹூ வில் வின்?' திருத்தம்: 'ஹூ டூ யூ திங்க் வில் வின்?'

• 'நோ ஸூனர் ஹேட் ஷி ரியலைஸ்டு இட் வென் ஷி ரேன்.' பிழை: வென். திருத்தம்: தேன்.

• 'ஐ டோண்ட் நோ வென் ஹி வில் ரிட்டர்ன்.' பிழை இல்லை. வென் இங்கு வினாச்சொல். காலத்தொடரில் வில் வராது என்னும் தடை பொருந்தாது.